கீழக்காலனி, ஃபுல் சிக்னல்

சுவரில் ஒரு ஓட்டை போட விட்டிருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது. விரல் தடிமனுக்கு ஒரே ஒரு ஓட்டை. அதன் வழியாக ஒரு கேபிளை இழுத்திருந்தால் என் பிரச்சினை அன்றைக்கே தீர்ந்திருக்கும், நான் பாட்டுக்கு என் வேலையைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பேன். ஆனால் மதுரை கே.கே. நகரில் நாங்கள் குடியிருந்த மாடிவீட்டின் சொந்தக்காரர், ஓட்டை என்றதும் அவர் நெஞ்சிலேயே போடக் கேட்டதுபோல் பார்த்தார். "ஆணியே அடிக்கக் கூடாதுன்னு சொல்லித்தானே வீடு விட்டேன்? நீங்க டிரில்லிங் மிசினக் கொண்டாரேங்கிறீங்க" என்றார். காலண்டரைக்கூட நாங்கள் ஜன்னல் கம்பியில்தான் கட்டித் தொங்கவிட்டிருந்தோம்.

எனக்கு வீட்டிலிருந்தே வேலை. ஆஸ்பத்திரிச் சீட்டுகளைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய எண்ணைப் போடுகிற மெடிக்கல் கோடிங். சென்னைக் கம்பெனி. புதிதாகச் சேருகிறவர்களுக்கு வீடியோவில் பயிற்சி கொடுப்பதும் என் பொறுப்பு. முன்ஹாலில் உட்கார்ந்து பேசினால் காய்கறி வண்டியும் பழைய பேப்பர்காரரும் சேர்ந்து பயிற்சி கொடுப்பார்கள் என்பதால் பின்னறையில் உட்காருவேன். மோடம் இருப்பதோ முன்ஹாலில். நடுவில் டைல்ஸ் ஒட்டிய பாத்ரூம் சுவர், வீட்டுக்காரர் எடுக்காமல் விட்டுவைத்த இரும்பு பீரோ. இதையெல்லாம் தாண்டி நெட் என்னிடம் வந்து சேருவதற்குள் அதற்கு நாக்குத் தள்ளிவிடும். "மேடம், கெணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி கேக்குது" என்பார்கள் பிள்ளைகள். கடைசியில், சரிசெய்ய முடியாவிட்டால் சென்னை ஆபீசுக்கே வந்துவிடுங்கள் என்று மேலதிகாரி மெயில் போட்டுவிட்டார்.

மகள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். பள்ளி இரண்டு தெரு தள்ளி, மணி அடிக்கிற சத்தம் வீட்டுக்குக் கேட்கும். பரீட்சை முடிகிறவரைக்கும் அந்த வீட்டில் மூன்று பேரும் ஒன்றாக இருந்துவிட வேண்டும். எங்களுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அந்த வீடு கிடைத்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அதற்கு மூன்று வருடம் முன்னால் நாங்கள் வீடு தேடி அலைந்தபோது, எந்த வீட்டு வாசலிலும் வாடகைப் பேச்சுக்கு முன்னால் ஒரு கேள்வி வந்தது. "எந்தப் பக்கம்?" கேட்பதற்கு ஊரைக் கேட்பது மாதிரி இருக்கும். ஊரைச் சொன்னால், "ஊருக்குள்ளயா?" என்பார்கள். அதையும் தாண்டினால், "அங்க யாரு வகையறா?" வெங்காயத்தை உரிப்பதுபோல் உரித்து, நாங்கள் இன்னார் என்று தெரிந்த நிமிடத்தில், "அடடா, இப்பத்தான் ஒருத்தர் பேசி முடிச்சுட்டுப் போனாரு" என்பார்கள். அந்த ஒருத்தர் மதுரையில் எங்களுக்கு முன்னாலேயே போய் எல்லா வீட்டையும் பேசி முடித்துக்கொண்டிருந்தார்.

இந்த வீட்டுக்காரரும் கேட்டார். என் கணவர், "எழுமலைப் பக்கம் சார்" என்றார். "அட, நமக்கும் அங்கிட்டுத்தானே சொந்தமெல்லாம்!" என்று அவர் முகம் மலர்ந்துவிட்டது. மேற்கொண்டு கேட்கவில்லை. என் கணவரின் அரசாங்க வேலை, என் லேப்டாப், மகளின் இங்கிலீஷ், எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து அவராகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். நாங்கள் பொய் சொல்லவில்லை, வாயை மூடிக்கொண்டிருந்தோம். மூன்று வருடம் மூடிய வாய் எப்படி நாறும் என்று எனக்குத்தான் தெரியும்.

நாங்கள் காலனிக்காரர்கள். டவுனில் காலனி என்றால் வேறு அர்த்தம். ஆபீசர்ஸ் காலனி, டீச்சர்ஸ் காலனி என்று போர்டு வைத்து, கேட் போட்டு, வாட்ச்மேன் வைத்திருப்பார்கள். எங்கள் பக்கத்தில் ஊர் என்றால் ஊர், காலனி என்றால் ஊருக்கு வெளியே எங்களை வைத்திருக்கிற இடம். அது ஊருக்குக் கிழக்கே இருந்தால் கீழக்காலனி. கீழ என்றால் கிழக்கு என்றுதான் அர்த்தம். ஆனால் ஊர்க்காரன் அதைச் சொல்லும்போது ஒருநாளும் அது வெறும் திசையாக இருந்ததில்லை.

வீட்டுக்காரரின் மனைவியை நான் அக்கா என்பேன், அவர் என்னைப் பாப்பா என்பார். குடிவந்த மூன்றாம் மாதமே, "ஏ பாப்பா, அந்த நெட்டக் கொஞ்சம் எங்க டிவிக்கும் போட்டு விடேன், நாடகம் பாக்கணும்" என்று வந்து நின்றார். போட்டுவிட்டேன். அன்றிலிருந்து கீழ்வீட்டு டிவி எங்கள் நெட்டில்தான் ஓடியது. அதற்குப் பதிலாகக் கருவாட்டுக் குழம்பு மேலே வரும், என் தட்டைப்பயற்றுக் குழம்பு கீழே போகும். வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது எங்கள் இரண்டு வீட்டிலும் வழக்கமில்லை. ஒன்றுமில்லாவிட்டால் ஒரு கை சீனியாவது போட்டுத்தான் கொடுப்போம். "நம்ம பக்கத்துப் புள்ளைக கைப்பக்குவமே தனி" என்பார் அக்கா. அந்த நம்ம பக்கம் என் தொண்டையில் முள்ளாய்க் குத்தும். விழுங்கிக்கொள்வேன்.

ஓட்டை போடக் கூடாது என்றதும் நெட் கம்பெனியிலிருந்து வந்த டெக்னீசியன், "அப்பன்னா மெஷ் தான்க்கா வழி" என்றார். பழைய டவுனில் பள்ளிவாசல் பக்கம் பிறந்து வளர்ந்தவர், முப்பது வயதிருக்கும், சிரித்த முகம். உள்ளங்கை அகலத்தில் மூன்று வெள்ளைப் பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்று முன்ஹாலில், ஒன்று பாத்ரூம் திருப்பத்தில், ஒன்று பின்னறையில். ஒன்று அடுத்ததற்கு நெட்டைக் கை மாற்றிவிடும் என்றார். கட்டட வேலையில் சித்தாட்கள் வரிசையாக நின்று சாந்துச் சட்டி கை மாற்றுவார்களே, அதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. என் அம்மா அந்த வரிசையில் நின்றுதான் என்னைப் படிக்க வைத்தாள்.

அவர் வேலையாக இருந்தபோது நான் பயிற்சி வகுப்பில் இருந்தேன். கதவைத் தட்டி, "அக்கா, ஃபார்ம்ல டீட்டெயில் போடணும்" என்றார். "எல்லாம் ஆதார்ல இருக்குப்பா, டேபிள் மேல கிடக்கு, பாத்துப் போட்டுக்க" என்றேன். திரும்பவும் தட்டி, "நெட்டுக்குப் புதுசா ஒரு பேரு வைக்கணும்க்கா, பழைய பேரு வச்சா பழைய மோடத்தோட குழம்பும்" என்றார். "எதையாச்சும் வச்சு விடுப்பா" என்று வகுப்புக்குத் திரும்பினேன். முடித்து வெளியே வந்தபோது அவரே என் போனையும் லேப்டாப்பையும் ஸ்கேன் செய்து இணைத்து வைத்திருந்தார். "மாஷா அல்லாஹ், ஃபுல் சிக்னல்க்கா. தெருமுக்கு வரைக்கும் அடிக்கும் பாருங்க" என்றார். நான் சந்தோஷமாக டீ போட்டுக் கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்துப் பழைய மோடத்தைக் கழற்றிக்கொண்டு போனார்கள். அன்று சாயங்காலமே அக்கா போனைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தார். "பழசு வரமாட்டேங்குது பாப்பா. புதுசு எதுன்னு பாத்துப் போட்டு விடு." எங்கள் சோபாவில் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, போனில் வந்த பேர்களை எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தார். அந்தப் பட்டியலை நான் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. ஒரு வீட்டில் மகன் பேர், ஒரு வீட்டில் சாமி பேர், ஒரு வீட்டில் சொந்தச் சாதிப் பேரையே பட்டத்தோடு போட்டு வைத்திருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, கொழுத்த சிக்னலோடு ஒன்று.

"கீழ... கா... கீழக்காலனியா?" அக்கா முகத்தைச் சுளித்தார். "இதென்னடி கருமம்! நம்ம தெருவுக்குள்ள எங்கிட்டிருந்து வந்துச்சு காலனி? இம்புட்டுப் பக்கத்துல காட்டுது. எவனும் குடி வந்துட்டானா?"

எனக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. ஆதாரில் இன்னும் எங்கள் ஊர் முகவரிதான் இருந்தது. கீழக்காலனி என்று கொட்டை எழுத்தில். டெக்னீசியனை நான் பிறகு போனில் கேட்டபோது, "பேரு நல்லாத்தானேக்கா இருந்துச்சு, காலனின்னா பெரிய வீடெல்லாம் இருக்குற ஏரியா மாதிரி" என்றார். அந்த வார்த்தைக்கு இன்னொரு முகம் இருப்பது அவருக்குத் தெரியாது. அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. தெரியாமல் வளர ஒருவருக்காவது வாய்த்ததே என்றிருந்தது.

ஆனால் அந்த நிமிடத்தில், அக்கா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நிமிடத்தில், நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தெரியலக்கா. யாரோ என்னமோ" என்றேன். "நம்மளுது இன்னும் வேலை முடியல, பொறவு போட்டு விடுறேன்" என்றேன். நான் பிறந்த தெருவை, என் அம்மா சாந்துச் சட்டி தூக்கிக் களைத்து வந்து படுத்த தெருவை, யாரோ என்னமோ என்றேன்.

அக்கா போனதும் மகள் ஹால் மேசையிலிருந்து எழுந்து வந்தாள். "அது நம்ம நெட்டுத்தானம்மா? ஏன் தெரியலன்னு சொன்ன?"

"டெக்னீசியன் தப்பா வச்சுட்டாரு."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "தப்பாவா? நீதான் வச்சேன்னு நெனச்சேன். ரெண்டு நாளா ஸ்கூல்ல எல்லார்ட்டயும் எங்கம்மா செம கெத்துன்னு சொல்லிட்டு இருக்கேன்."

அதற்கு அவள் என் கன்னத்தில் அறைந்திருக்கலாம்.

கணவர் வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். சட்டையைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்தார். "இன்னும் நாலு மாசம்தான். போன்ல அந்த நெட்டு ஆப்புல பேர மாத்தி விட்டுரு, ரெண்டு நிமிச வேலை. அவங்க மறந்துருவாங்க" என்றார். தப்பான யோசனை என்று சொல்ல மாட்டேன். ஏழெட்டு வாசலில் நின்று திரும்பிய மனுசன் வேறு என்ன சொல்வார்? ஆப்பைத் திறந்தேன். புதிய பேர் என்று ஒரு காலிக் கட்டம் வந்தது. என்ன எழுதுவது? ஒரு பூப் பேரா? சாமி பேரா? அக்கா படித்துவிட்டு முகம் சுளிக்காத ஏதாவது ஒரு பேரா? கட்டத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தெருவில் ஒருத்தன் தன் சாதிப் பட்டத்தைப் பரப்பிக்கொண்டு திரியலாம், அது கருமம் இல்லை. என் தெருப் பேர் காற்றில் வந்தால் கருமமா? நாங்கள் மாதாமாதம் பணம் கட்டுகிற நெட், அதில் அவர்கள் நாடகம் பார்ப்பார்கள், பேரை மட்டும் நான் அவர்கள் மூக்குக்குத் தகுந்த மாதிரி கழுவி வைக்க வேண்டுமா?

ஆப்பை மூடிவிட்டு மறுநாள் காலை கீழே போனேன். அக்கா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "அந்தக் கீழக்காலனி எங்களுதுதான்க்கா" என்றேன். "எங்க ஊருல எங்க தெரு. நேத்துத் தெரியலன்னு சொன்னது பொய். போனக் குடுங்க, பாஸ்வேர்டு போட்டுத் தாரேன்."

அக்கா போனைக் கொடுக்கவில்லை. கீரையிலிருந்து கையை எடுக்கவும் இல்லை. "அப்புடியா" என்றார். "அடுப்புல பால் கிடக்கு" என்று எழுந்து உள்ளே போனார். அடுப்பில் பால் இருந்திருந்தால் எனக்கு அங்கேயே பொங்கிய வாடை வந்திருக்கும், அவ்வளவு நேரம் நான் அங்கே நின்றேன்.

அதற்கு முந்தின வாரம் நான் குழம்பு கொடுத்தனுப்பிய எவர்சில்வர் தூக்கு அன்று மத்தியானம் திரும்பி வந்தது. மாடிப்படியில் மூன்றாவது படியில் இருந்தது. விளக்கித் துடைத்து, வெறுமையாக. மூன்று வருடத்தில் அந்தத் தூக்கு ஒருமுறைகூட வெறுமையாக வந்ததில்லை. ஒரு கை சீனி போடவில்லை என்பதற்காக ஒருத்தி அழுவாளா? நான் அழுதேன், ஆத்திரத்தில்.

நாலு நாள் கழித்து வீட்டுக்காரர் மேலே வந்தார். எப்போதும் நேரே உள்ளே வந்து ஃபேனைப் போட்டுக்கொண்டு உட்காருகிறவர், அன்று நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். "பையன் பெங்களூர்ல இருந்து குடும்பத்தோட வாரான். மாடி வேணும். மார்கழியில வீடு மாறக் கூடாது பாருங்க, அதனால கார்த்திகைக்குள்ளயே காலி பண்ணிருங்க" என்றார். மார்கழி பிறக்க மூன்று வாரம் இருந்தது. மகளுக்கு அரையாண்டுப் பரீட்சை அதே சமயத்தில். அது அவருக்கும் தெரியும், அவர்தான் போன மாதம் டைம் டேபிளைக் கேட்டுவிட்டு, "நல்லாப் படிக்கணும்த்தா" என்று அவள் தலையில் தட்டிவிட்டுப் போனார். எங்களைத் துரத்துவதற்கும் நல்ல மாதம் கெட்ட மாதம் பார்க்கத் தெரிகிறது. பிளஸ் டூ பிள்ளையைப் பரீட்சை நேரத்தில் தெருவில் நிறுத்துவது எந்த மாதத்தில் நல்லது என்று எந்தப் பஞ்சாங்கத்தில் போட்டிருக்கிறதோ.

"எங்க தெருப் பேரு தெரிஞ்சதுக்கா சார்?" என்று கேட்டேன்.

"சேச்சே, அதெல்லாம் நாங்க பாக்குறதே இல்ல" என்றார். பார்ப்பதில்லை என்று சொல்கிற அத்தனை பேரும் நிலைப்படிக்கு வெளியில் நின்றுதான் சொல்கிறார்கள்.

நான்கு படி இறங்கினவர் திரும்பினார். அடுத்து அவர் சொன்னதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பல் நறநறக்கிறது. "அப்புறம் பாப்பா... அக்கா நாலஞ்சு நாளா நாடகம் பாக்க முடியாமக் கிடக்குறா. நீங்க போற வரைக்கும் அந்த நெட்டு பாஸ்வேர்டு மட்டும் குடுத்துட்டீங்கன்னா..."

என் கணவர் வாயைத் திறக்கப் போனார். நான் கையைக் காட்டினேன். "ஒரு நிமிசம் நில்லுங்க சார், வாரேன்" என்று உள்ளே போனேன். ஆப்பைத் திறந்து பாஸ்வேர்டை மாற்றினேன். ரெண்டு நிமிச வேலைதான், என் கணவர் சொன்னது சரி. வெளியே வந்து, "எழுதிக்கங்க" என்றேன். அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு போனில் ஒவ்வொரு எழுத்தாக அடித்தார். இ, என், டி, ஹெச், ஏ. அப்புறம் ரெண்டு பி. ஒரு ஏ, ரெண்டு கே, ஒரு ஏ, ஒரு எம். எல்லாம் சின்ன எழுத்து, நடுவில் இடம் விடக் கூடாது.

"சேத்துப் படிச்சுப் பாருங்க சார், தப்பா இருந்தா வராது" என்றேன்.

"எந்தப்... பக்கம்" என்று படித்தார். படித்துவிட்டுத் தலையைத் தூக்கவில்லை. கழுத்து வரைக்கும் சிவந்தது. போனைப் பையில் போட்டுக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துக் கீழே இறங்கிப் போனார்.

மானமுள்ள மனுசன், இனி அந்த நெட்டைத் தொட மாட்டார் என்று கணவர் சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன். சாயங்காலம் ஆப்பில் பார்த்தேன். இணைந்திருக்கிற கருவிகள் என்று ஒரு பட்டியல் வரும். என் போன், கணவர் போன், மகள் போன், என் லேப்டாப். ஐந்தாவதாக, கீழ்வீட்டு டிவி. உட்கார்ந்து அத்தனை எழுத்தையும் ரிமோட்டில் ஒவ்வொன்றாக அமுக்கியிருக்கிறார். எங்கள் நெட் அவர்கள் வீட்டில் ஓடலாம், நாங்கள் அங்கே குடியிருக்கக் கூடாது. மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "பிளாக் பண்ணட்டுமாம்மா?" என்றாள். "வேணாம், ஓடட்டும். தெனம் ஒரு தடவையாச்சும் அந்தப் பேரு அவங்க டிவியில வரட்டும்" என்றேன்.

ஒத்தக்கடையில் வீடு கிடைத்தது. புது பிளாட்டில் ஒரு கீழ்வீடு. அந்த வீட்டுக்கார அம்மா எந்தப் பக்கம் என்று கேட்பதற்கு முன்னாலேயே மகள், "எழுமலைப் பக்கம், கீழக்காலனி" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். அதற்கு முன்னால் இரண்டு வாசலில் இதே மாதிரி சொல்லி, இதே மாதிரி திரும்பி வந்திருந்தோம். மூன்றாவது வாசலில் அந்த அம்மா, "சுவத்துல ஆணி மட்டும் பாத்து அடிங்க, பூச்சு புதுசு" என்றார். அவ்வளவுதான். மகளுக்குப் பள்ளிக்கு இரண்டு பஸ். அரையாண்டு முதல் பரீட்சைக்கு அவள் பஸ்ஸில் நின்றுகொண்டே படித்துக்கொண்டுதான் போனாள். அதற்கு நான் யாரையும் மன்னிப்பதாக இல்லை.

வீடு மாறின அன்று சாமானெல்லாம் வண்டியில் ஏறிய பிறகு மெஷ் பெட்டிகளைக் கழற்ற மேலே போனேன். பின்னறையில் ஒன்று, பாத்ரூம் திருப்பத்தில் ஒன்று. கடைசியாக முன்ஹாலில். கீழே நாடகத்தில் யாரோ ஓங்கி அழுதுகொண்டிருந்தது மாடிக்குக் கேட்டது. பிளக்கைப் பிடுங்கினேன். கொஞ்ச நேரத்தில் அழுகை பாதியில் நின்றது. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும்.

"ஏ பாப்பா! நெட்டு போச்சே!" அக்காவின் குரல், மூன்று வருடப் பழக்கத்தில், தன்னை மறந்து படியேறி வந்தது.

பெட்டியைப் பைக்குள் போட்டுக்கொண்டு மாடிப்படியில் நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னேன். "நெட்டு போகலக்கா. நாங்கதான் போறோம்."